இன்ஜிசுதி பக்கம் ஒரு 'புது' ரூட், மூணாவது பிட்சில் பழைய பெக்: இதை எப்படிப் பதிவு பண்றது?

வல்லநாட்டான் (ஜோபர்க்)

எல்லாருக்கும் வணக்கம். இங்க மலை ஏறுற நம்மாளுங்க அஞ்சாறு பேராவது இருப்பீங்கன்னு தெரியும், அதான் கேக்கறேன்.

போன மாசக் கடைசியில நானும் என்கூட சைட்ல வேலை பாக்குற ஆஃப்ரிகான்ஸ்காரர் ஒருத்தரும் டிராக்கென்ஸ்பெர்க் மலைத்தொடர்ல, இன்ஜிசுதி பள்ளத்தாக்குக்கு மேல ஒரு பட்ரஸ்ல (மலையிலேருந்து துருத்திட்டு நிக்கற பாறைச்சுவர்) ஏறினோம். நாலு பிட்ச் (ஒரு கயிறு நீளத்துக்குள்ள ஏறி நிக்கற பகுதி ஒரு பிட்ச்). கயிறு போன கணக்கை வச்சுப் பாத்தா 140 மீட்டருக்குக் கொஞ்சம் கம்மி. கைடு புத்தகத்துல இல்ல. மலையேறும் கிளப்புல விசாரிச்சதுல யாருக்கும் தெரியல. இதுக்கு முன்னாடி ரெண்டு தடவ போய்த் திரும்பி வந்திருக்கோம். முதல் தடவ மழை. ரெண்டாந்தடவ பயம். ('பயம்னா எழுதுவே? நேரம் போதலைன்னு எழுது'ங்கறார் கூட்டாளி.)

இந்தத் தடவ காலைல ஆறரைக்குக் கயிறு கட்டி, மூணு மணிக்கு உச்சி. அடிவாரம் வரைக்கும் சாமான் தூக்க ஊர்ப் பையன் ஒருத்தன் வந்தான், அதனால தெம்பா ஏற முடிஞ்சுது. ரெண்டாவது பிட்ச் முடியுற திட்டுல உக்காந்து தயிர் சாதமும் மோர் மிளகாயும் சாப்பிட்டோம். கூட்டாளி மிளகாயை முழுசாக் கடிச்சுட்டு பத்து நிமிஷம் பேசல.

அதுக்கப்புறம்தான் விஷயம். மூணாவது பிட்ச்ல புல்கட்டியைப் பிடிச்சு மேல வந்து மூச்சு வாங்கறேன், மூஞ்சிக்கு நேரா துருப்பிடிச்ச பெக் ஒண்ணு, பாறை வெடிப்புல அடிக்கிற இரும்பு ஆணி! சுத்திலும் அம்பது அறுபது மீட்டருக்கு வெறும் பாறை. புதையல் தோண்டப் போனவன் மம்பட்டியைப் போட்டதும் பழைய மம்பட்டிக் காம்பு தட்டுன மாதிரி ஆகிப்போச்சு. அதுக்கு மேல உச்சி வரைக்கும் எதையும் பாக்கல.

இப்ப இது புது ரூட்டா இல்லையா? எழுதணும்னா என்னத்த எழுதறது, யாருக்கு அனுப்பறது? பேரு 'மோர் மிளகாய்'னு வைக்கலாம்னு கூட்டாளியே சொல்லிட்டார். சிரிப்பாங்களோ?

சாட்ஸ்வர்த் பேரன் (டர்பன்)

அண்ணா வணக்கம். என் தமிழ் சனிக்கிழமை வகுப்புத் தமிழ், பிழை இருந்தால் மன்னிக்கவும். தலையில் கேமரா கட்டி வீடியோ எடுத்தீர்களா? அதை யூடியூபில் போட்டால் போதாதா, இந்தக் காலத்தில் யார் புத்தகம் பார்க்கிறார்கள்? பெயர் சூப்பர். என் பாட்டிக்கு மோர் மிளகாய் என்றால் உயிர். 'தமிழ் தெரியாது' என்று சொல்லும் என் மாமாவுக்குக் கூட அந்த வார்த்தை தெரியும்.

கணக்கு மாஸ்டர் (பீட்டர்மாரிட்ஸ்பர்க்)

தம்பி வல்லநாட்டான், முதல்ல வாழ்த்து. மூண்டாந்தரம் போனீரே, அதுக்கு.

நான் யாழ்ப்பாணத்து ஆள். எண்பதுகளில டிரான்ஸ்கையில கணக்குப் படிப்பிக்க வந்து, பிறகு இஞ்சையே நிண்டிட்டன். பெர்க்கில (டிராக்கென்ஸ்பெர்க்கைத்தான் அப்பிடிச் சொல்லுவம்) முப்பது வருசம் ஏறினனான். இப்ப முழங்கால் விடாது. கிளப்புக்கு வாற ரூட் கார்டுகளை (ஏறின வழியை எழுதி அனுப்பிற குறிப்பு) வாசிச்சுத் திருத்திறது மட்டுந்தான் மிச்சம். அந்த உரிமையில கொஞ்சம் நீட்டி எழுதிறன், பொறுத்துக்கொள்ளும்.

பெக்கைக் கழட்டினீரோ? இல்லையெண்டால் நல்லது, விட்டிடும். படம் எடுத்தீரோ? பக்கத்தில ஒரு காராபினரை (கயிறு கொழுவிற உலோகக் கொக்கி) வைச்சு எடுத்திருந்தால் அளவு தெரியும். நான் அறிய வேண்டியது இவ்வளவு: அது மெல்லிய இரும்போ, வளையம் வைச்சதோ, வி மாதிரி மடிச்ச தகடோ? எழுத்தேதும் குத்தியிருக்கோ? ஐரோப்பாவில இருந்து வந்த பழைய பெக்குகள் மென்மையான இரும்பு, வெடிப்புக்குள்ள வளைஞ்சு போய் இருக்கும். அமெரிக்காவில செய்த குரோம்-மாலி உருக்குப் பெக் கடினம், அடிச்சு அடிச்சுத் திரும்ப எடுக்கலாம். அது பரவினது அறுபதுகளில. எழுபதுகளில நட் (அடிக்காமல் வெடிப்புக்குள்ள செருகிற உலோகக் கட்டை) வந்தாப்பிறகு ஆக்கள் சுத்தியலைக் குறைச்சிட்டினம். ஆக உந்தத் துரு ஒரு திகதிதான், முழுத் திகதி இல்லை எண்டாலும்.

அதைவிட முக்கியம், அதில கயிற்றுத்துண்டு ஏதும் கிடந்ததோ? ஏறிப் போறவன் பெக்கில கயிற்றைக் கொழுவிப்போட்டுப் போயிடுவான். கயிற்றுத்துண்டு கட்டிக் கிடந்தால் அவன் அதில இருந்து அப்சைல் பண்ணி, அதாவது கயிற்றில இறங்கி, கீழ போயிருக்கிறான். இரண்டும் வேற கதை.

தோத்த முயற்சி தானே எண்டு நினைக்காதேயும். மங்க்ஸ் கவுல் உச்சியை ஆக்கள் தொட்டது 1942இல. ஆனால் 1938இல டிக் பாரி அதில விழுந்து செத்தது பதிவில இருக்கு. அது இல்லாட்டி 1942 சும்மா ஒரு வருசம். அதால உம்மட முதல் இரண்டு தரத்தையும் எழுதும். எந்த உயரத்தில திரும்பினீர், எதை விட்டிட்டு வந்தீர் எண்டதோட. 'பயம்' எண்டே எழுதும். நேரம் போதாமல் திரும்பினவனுக்கும் பாறையைப் பாத்துத் திரும்பினவனுக்கும் உள்ள வித்தியாசம் அடுத்ததாப் போறவனுக்குத் தெரியவேணும்.

யூடியூப் எண்ட பேரனுக்கு: பெர்க்கில ஒரு தலைக்கமரா வீடியோவைப் பாத்து ரூட் கண்டுபிடிச்ச ஒருத்தரை எனக்குக் காட்டும். முழுக்கப் புல்லும் கையும், இடைக்கிடை சப்பாத்து.

எழுதிற விதம். அண்டு இரவே எழுதவேணும், கொப்பியில, பென்சிலால. ஒரு கிழமை போனால் மூளை பிட்ச்சுகளை வடிவாக்கிப்போடும். ஒவ்வொரு பிட்ச்சுக்கும் நீளம், கிரேடு (எவ்வளவு கஷ்டம் எண்ட அளவு), எங்கே தொடங்கி எங்கே நிண்டது, நிண்ட இடத்தில என்ன கியர் பிடிச்சுது. 'அருமையான பிட்ச்' எண்டு எழுதாதேயும். எனக்கு அருமை, உமக்கு மரணபயம்.

இடது வலது எண்டு மட்டும் எழுதி விடாதேயும். ஏறேக்க பாறையைப் பாத்த இடது, இறங்கேக்க வலது ஆகிப்போகும். திசையோட எழுதும். இஞ்ச வெயில் வடக்கால வாறதெண்டதையும் மறக்கவேண்டாம். ஊர்ப் பழக்கத்தில தெற்கு முகத்தை வெயில் முகம் எண்டு எழுதின ஒருத்தரின்ர கார்டை நம்பிப் போய், ஜூலையில பனிக்கட்டியைக் கண்டு திரும்பி வந்தவை இருக்கினம். (எழுதினது நான் இல்லை. நான் செய்தது இதைவிட மோசம்.)

நான் செய்தது இது. தொண்ணூறுகளில ஒரு ரூட்டுக்கு 'தனியா நிக்கிற புரோட்டியா மரத்தடியில தொடங்கவும்' எண்டு எழுதிக் குடுத்தன். பெர்க்கில குளிர்காலம் முழுக்கப் புல் எரியிறதைப் பாத்துக்கொண்டே அப்பிடி எழுதினன் பாரும்! இரண்டு வருசத்தில மரமும் போச்சு, என்ர ரூட்டும் போச்சு. பிறகு வந்த ஒரு கைடு புத்தகம் அதை நாப்பது மீட்டர் தள்ளிக் கீறி வைச்சிருக்கு. அந்தக் கோட்டில போன ஒரு சோடி என்ர கிரேடு பொய் எண்டு எழுதிச்சுது. அவையில பிழை இல்லை. எரியாத, உருளாத ஒன்றைச் சொல்லித் தொடங்கவேணும்: பாறைப் பட்டை, ஓடையின்ர வளைவு, எதிர்மலையின்ர முனை.

கிரேடு: இப்ப எண்ணில எழுதுவம், 16, 17 எண்டு. அது ஆஸ்திரேலிய முறை. பழைய பதிவுகளில எழுத்து இருக்கும், எஃப்2, ஜி1 மாதிரி. எங்கட கிளப் (தென்னாப்பிரிக்க மலையேற்றக் கிளப்) 1891இல கேப் டவுனில தொடங்கினது, ஜர்னல்கள் நூறு வருசத்துக்கு மேலாக் கிடக்கு. அதில உம்மட பட்ரஸைத் தேடேக்க எண்ணைத் தேடினால் கிடையாது, எழுத்தைத் தேடும். பெயரும் இப்பத்தையப் பெயரா இருக்காது. உச்சிகளின்ர பெயரை ஒவ்வொரு தலைமுறையும் மாத்தி வைச்சிருக்கு.

வல்லநாட்டான்

மாஸ்டர் ஐயா, கும்பிடுறேன். இவ்வளவு எழுதுவீங்கன்னு நினைக்கல.

படம் இருக்கு, ஆனா காராபினர் வைக்கல. என் கட்டைவிரல் இருக்கு, அது போதுமா? தட்டையான இரும்பு, கண்ணுல ஒரு வளையம், துருவில எழுத்து ஒண்ணும் தெரியல. நீங்க சொன்னப்புறம் படத்தைப் பெருசு பண்ணிப் பாத்தேன். வளையத்துக்குள்ள வெள்ளையா ஏதோ நூல் மாதிரி தொங்குது. விரல் தண்டிகூட இருக்காது, வெயில்ல வெளிறிப்போன கயிறுதான்னு நினைக்கேன். அங்கயே பாத்திருந்தா தொட்டுப் பாத்திருப்பேன். அப்ப எனக்கு இருந்த ஒரே எண்ணம், இதுல ஒரு ஸ்லிங்கப் போட்டுட்டு மேல ஓடணும்ங்கறதுதான்.

அப்ப அவங்க அங்கேருந்து திரும்பிட்டாங்க, அப்படித்தானே?

கணக்கு மாஸ்டர்

பெரும்பாலும். ஆனால் 'திரும்பிவிட்டார்கள்' எண்டு எழுதாதேயும், நீர் அங்க நிண்டு பாக்கேல்லை. கண்டதை எழுதும்: 'மூன்றாம் பிட்ச்சில், தொடக்கத்திலிருந்து இத்தனை மீட்டரில், வளையம் வைத்த பழைய பெக், வளையத்தில் வெளிறிய கயிற்றுத்துண்டு. அதற்கு மேல் முன்னர் யாரும் வந்த தடம் எங்களுக்குத் தென்படவில்லை.' அவ்வளவுதான். 'முதல் ஏற்றம்' எண்டு வேறை ஆரும் தீர்மானிக்கட்டும். நாளைக்கு ஆரோ ஒருத்தியின்ர பெட்டியில இருந்து தாத்தாவின்ர டயறி வெளிவரும், அப்ப உம்மட வசனம் பொய்க்காது.

1945இல ஜார்ஜ் தாம்சன் பெர்க்கில 'தி கொலம்' (The Column) எண்ட பாறைத்தூணில தனியா ஏறினார். பக்கத்தில சாட்சிக்கு ஒரு குருவிகூட இல்லை. ஆனால் ஏறின ஆள் இன்ன வழி எண்டு சொல்லி வைச்சால், பின்னால போறவன் பாறையோட ஒத்துப்பாக்கலாம். தனியாப் போன ஆளுக்குச் சாட்சி பாறைதான்.

இன்னொண்டு. நுழைவாசலில மலைப் பதிவேட்டில பெயர் எழுதினீர் தானே, மீட்புக்காக? மூண்டு தரமும்? அந்தப் பக்கங்களைப் படம் பிடிச்சு வையும். திகதிக்கு அதைவிடச் சாட்சி வேண்டாம்.

வரைபடக்காரி (கேப் டவுன்)

நான் மலை ஏறுவதில்லை, மலைகளை வரைபவள். ரெண்டு விஷயம் மட்டும் சொல்லிவிட்டுப் போகிறேன்.

ஒன்று, ஜிபிஎஸ் எண்கள். போனில் எடுத்த எண் டபிள்யூஜிஎஸ்84 (ஜிபிஎஸ் பயன்படுத்தும் உலக அளவை அடிப்படை) என்பதைப் பக்கத்திலேயே எழுதுங்கள். தென்னாப்பிரிக்காவில் 1999 ஜனவரி 1 வரைக்கும் அரசு வரைபடங்கள் கேப் டேட்டம் என்ற பழைய அடிப்படையில் இருந்தன, பிறகுதான் ஹார்ட்டபீஸ்ட்ஹோக்94க்கு மாறினோம். ஒரே எண்ணைப் பழைய தாளிலும் புதிய தாளிலும் வைத்தால் ஒரே இடத்தில் விழாது. மலைச்சுவரில் அந்த வித்தியாசம் பக்கத்து ஓடைக்குள் கொண்டுபோய் விட்டுவிடும். பழைய குறிப்புகளில் எண் கிடைத்தால் இதை யோசித்துக்கொள்ளுங்கள். அப்புறம் சுவருக்கு அடியில் நின்று எடுத்த எண் எப்போதுமே கொஞ்சம் உளறும், பாதி வானம் மறைந்திருக்கும். பத்து நிமிஷம் வைத்து எடுங்கள், அல்லது சற்றுத் தள்ளி வந்து எடுங்கள். எதிர்ப்பக்க மேட்டிலிருந்து காலை வெயிலில் ஒரு படம் வேண்டும். அதில் கோடு போட்டது ஒன்று, கோடு போடாதது ஒன்று. கோடு போடாததைத்தான் எல்லோரும் தொலைக்கிறார்கள்.

ரெண்டாவது கொஞ்சம் சீரியஸ். இன்ஜிசுதி என்கிறீர்கள். அந்தப் பள்ளத்தாக்கின் மணற்கல் குகைகளில், இந்த மண்ணின் ஆதிக்குடிகளான சான் மக்களின் ஓவியங்கள் இருக்கின்றன, பேட்டில் கேவ் அங்கேதான். நீங்கள் ஏறியது மேலே இருக்கும் பசால்ட் (எரிமலைப் பாறை), சரி. ஆனால் நடந்துபோன வழி மணற்கல் பட்டையைத் தாண்டித்தானே போகும்? வழியில் ஓவியம் இருக்கும் பாறைத் தாழ்வாரம் எதையாவது அடையாளமாக எழுதிவிடாதீர்கள். 1999இன் மரபுச் சட்டம் நூறு வருஷத்துக்கு மேற்பட்ட பாறை ஓவியத்தை மட்டுமல்ல, அதைச் சுற்றி 10 மீட்டரையும் சேர்த்துத்தான் காக்கிறது. 'ஓவியக் குகையில் இடதுபக்கம் திரும்பு' என்று ஒரு வரி அச்சில் வந்தால் அடுத்த வருஷம் அங்கே அடுப்புக் கரி இருக்கும்.

எங்கே அனுப்புவது என்று கேட்டீர்களே, அச்சில் வரும் ஜர்னலுக்கு அனுப்புங்கள். இங்கே அச்சிட்டு வெளியிடுவதற்கெல்லாம் சட்டப்படி நூலகங்களுக்குப் பிரதி போகவேண்டும், கேப் டவுன் தேசிய நூலகம் உள்பட. இணையதளங்கள் மூடிப்போவதை நான் வேலையில் தினம் பார்க்கிறேன். இந்தத் திரியும் ஒருநாள் போய்விடும்!

சாட்ஸ்வர்த் பேரன்

அக்கா, பயமுறுத்தாதீர்கள். ஆனால் ஒரு கேள்வி. பழைய ஜர்னல்களில் நம் ஆட்கள் பெயர் இருக்குமா? என் தாத்தா காலத்தில் எங்களுக்கு கடற்கரையே தனி. மலை எப்படி?

கணக்கு மாஸ்டர்

பேரா, நல்ல கேள்வி. தேடிப் பாத்திருக்கிறன், இந்தியப் பெயர் எனக்கு அம்பிட்டது மிச்சம் குறைவு. கேப் டவுனில நிறத்தவர் எண்டு ஒதுக்கப்பட்ட ஆக்கள் 1931இலயே தங்களுக்கெண்டு தனிக் கிளப் தொடங்கினவை. அவையின்ர ஏற்றங்களை வெள்ளை ஜர்னலில மட்டும் தேடினால் எப்பிடிக் கிடைக்கும்?

ஆனால் ஒரு பதிவு எனக்கு எப்பவும் குத்தும். கேத்கின் பீக்கின்ர முதல் ஏற்றம் 1912. அம்ப்லெட், வெஸ்ட், டாம் கேஸ்மென்ட் (அயர்லாந்தின்ர ராஜர் கேஸ்மென்ட் இருக்கிறாரே, அவரின்ர சகோதரம்) எண்டு பெயர்கள். கடைசியில தொபாசா, மெலாட்டு. இரண்டு கறுப்பர். முழுப்பெயர் இல்லை, ஊர் இல்லை. ஆனாலும் உச்சிக்குப் போன ஆக்களின்ர பட்டியலில இருக்கினம்.

இனி என்ர கதை. 1994, ஏப்ரல். நானும் இன்னொருத்தரும் மேல லெசோதோப் பக்கம் ஏறி முடிக்க மூடுபனி வந்து மூடிப்போட்டுது. இறங்கிற ஓடை தெரியேல்லை. கம்பளி போர்த்த ஒரு மாட்டுக்காரப் பையன், கம்பூட்ஸ், கையில தடி, பன்ரெண்டு பதின்மூண்டு வயசு வரும். ஒண்டும் கதைக்கேல்லை. முன்னால நடந்து, ஓடை வாயில நிண்டு தடியால காட்டினான். என்னட்ட இருந்த பிஸ்கற் பக்கற்றைக் குடுத்தன். கார்டில எழுதினது: 'இறங்கும் ஓடையை உள்ளூர்ச் சிறுவன் ஒருவன் காட்டினான்.' அந்த ஓடை இப்ப எல்லாப் புத்தகத்திலும் இருக்கு, அதுக்கு நேர என்ர பெயர் இருக்கு.

1912இல இரண்டு ஒற்றைப் பெயராவது எழுதினவை. நான் 94இல, அதுவும் அந்த ஏப்ரலில, நாடே வரிசையில நிண்டு வாக்குப் போட்ட மாதத்தில, பெயர் என்ன எண்டு கேக்கேல்லை. படிப்பிச்ச நாளெல்லாம் காலமை காலமை இடாப்பு வாசிச்சுப் பெயர் கூப்பிட்ட ஆள் நான்.

தம்பி வல்லநாட்டான், உம்மட சாமான் தூக்கின பையனுக்குப் பெயர் இருக்குத் தானே?

மோர் மிளகாய்க்கு ஆரும் சிரிக்காயினம். ஆனால் கார்டில ஒரு வரி எழுதும், அது என்ன, ஏன் எண்டு. விளக்கம் இல்லாத பெயரை அடுத்த புத்தகக்காரர் எழுத்துப்பிழை எண்டு நினைச்சுத் திருத்திப்போடுவார்.

வல்லநாட்டான்

ஐயா, உங்க பதிவைப் படிச்சிட்டு ரெண்டு நாளா ஒண்ணும் எழுதத் தோணல. நேத்து அவனுக்குப் போன் போட்டேன். நம்பர் இருந்துது, காசு அனுப்புன நம்பர். பேரு முழுசாச் சொல்லுப்பா, கார்டுல எழுதணும்னேன். எதுக்குன்னு கேட்டான். சொன்னேன். ஒவ்வொரு எழுத்தா, குலப்பேரோட சேத்துச் சொல்லி, திரும்ப வாசிச்சுக் காட்டச் சொன்னான். ஒரு எழுத்துத் தப்பா இருந்துது, திருத்தினான்.

அப்புறம் பெக் விஷயத்தைச் சும்மா சொன்னேன். அங்கேதான் எனக்குத் தூக்கிவாரிப் போட்டுது. 'எங்க அப்பாவுக்குத் தெரியுமே'ங்கறான்! அவங்கப்பா சின்னப் பையனா மாடு மேய்க்கையில, ரெண்டு வெள்ளைக்காரங்க அந்தச் சுவத்துல பாதி தூரம் போய் கயித்துல எறங்கி வந்தாங்களாம். கீழ வந்ததும் ஒருத்தன் கை ரத்தமா இருந்துச்சாம், தண்ணி குடுத்தாராம். எந்த வருஷம்னு கேக்கச் சொன்னேன். பக்கத்துல அப்பா பேசறது கேட்டுது. வருஷம் தெரியாதாம். பெரிய பனி விழுந்து மாடு செத்த வருஷத்துக்கு அடுத்த வருஷமாம். ரெண்டு நாள் அடிவாரத்துல டீ குடிச்சுட்டு உக்காந்திருந்தோம் ஐயா, அவன்கிட்ட ஒரு வார்த்தை கேக்கல.

இதை எப்படி எழுதறது? வருஷம் இல்லையே?

கணக்கு மாஸ்டர்

அப்பிடியே எழுதும். 'பெரும் பனியில் மாடுகள் இறந்த ஆண்டுக்கு அடுத்த ஆண்டு.' ஆர் சொன்னது, ஆர் மொழிபெயர்த்தது, எந்தத் திகதியில போனில கேட்டது எண்டதோட. நீரா ஒரு வருசத்தைக் கணக்குப் பண்ணிப் போடாதேயும்.

ஏலுமெண்டால் நேர போய் அந்த மனிசனைக் காணும். பட்ரஸின்ர படத்தைக் கொண்டுபோய்க் குடுத்து, எவ்வளவு தூரம் ஏறினவை எண்டு விரலால காட்டச் சொல்லும். கோடு போடாத படத்தைக் கொண்டு போம்.